தாய்மாமன் வாங்கிய வாக்கு

கயிற்றைக் கரையில் நட்ட குற்றியில் மாட்டுகிறவன் கையை எடுக்கிறவரை படகு அசையக் கூடாது. படகு ஓட்டுகிறவனுக்கும் இது தெரியும், கயிறு பிடிக்கிறவனுக்கும் தெரியும். பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட லிஃபூத் தீவின் படகுத்துறையில் கயிறு பிடிக்கிற வேலை இசிதோருடையது. சுற்றுலாக் கப்பல் கரைவரை வராது. குடாவின் நடுவில் நங்கூரம் போட்டுவிட்டு, ஆரஞ்சு நிறப் படகுகளில் பயணிகளை இறக்கி அனுப்பும். காலையில் வந்தால் சாயங்காலம் கிளம்பிவிடும். அதற்குள் அவர்கள் குளிக்க வேண்டும், மீன் பார்க்க வேண்டும், இளநீர் குடிக்க வேண்டும், சடை பின்னிக்கொள்ள வேண்டும். அவசரத்துக்குக் கேட்கவா வேண்டும்.

அன்றைக்கு அலை கொஞ்சம் முரண்டு பிடித்தது. இசிதோர் வெறுங்காலோடு சிமெண்டு விளிம்பில் நின்றான். படகிலிருந்து கயிறு பறந்து வரும். அதைப் பிடித்து, வளையத்தை இரும்புக் குற்றியின் கழுத்தில் மாட்டி, ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து, கையைத் தூக்கிக் காட்டுவான். பிறகுதான் ஆள்கள் இறங்குவார்கள். இறங்குகிறவர்களுக்கு முழங்கையைக் கொடுப்பான். சிலர் தோளைப் பிடித்துக்கொள்வார்கள். சிலர் அவனையே தூண் என்று நினைத்துச் சாய்ந்துவிடுவார்கள்.

துறைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு தென்னங்கீற்றுப் பந்தல். அதன் கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார்கள். இசிதோரின் மனைவி ஒனோரினும் அவர்களில் ஒருத்தி. ஒரு சிறுமியின் தலையில் பாதி முடித்திருந்தாள். பின்னிக்கொண்டே புருஷனைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"யோவ், நேத்து குடிச்ச பீர் இன்னும் இறங்கலையா? கயிறை நீ பிடிக்கிறியா, கயிறு உன்னைப் பிடிக்குதா?"

"நீ உன் வேலையைப் பாரு புள்ள. அந்தப் பாப்பா தலையில முடியைக் கொஞ்சம் மிச்சம் வை."

பந்தலில் சிரிப்பு எழுந்தது. சிறுமிக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவளும் சிரித்தாள்.

அடுத்த படகு வந்தபோது அதன் முதுகிலேயே இன்னொரு படகு வந்து நின்று ஹாரன் அடித்தது. இசிதோர் வளையத்தைக் குற்றியில் போட்டான். கை இன்னும் உள்ளேதான் இருந்தது. பின்னால் நிற்கிறவனுக்கு இடம் கொடுக்க நினைத்தோ என்னவோ, ஓட்டுகிறவன் எஞ்சினைப் பின்பக்கம் திருப்பினான். அதே நேரம் அலை படகைத் தூக்கி இழுத்தது. கயிறு இறுகியது. காய்ந்த பனைமட்டையை மிதித்தது போல ஒரு சத்தம் பந்தல்வரை கேட்டது.

இசிதோர் கத்தவில்லை. அடுத்த அலைக்குக் கயிறு தளர்ந்ததும் கையை உருவினான். உருவி, யாருடைய கையோ போல அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். விரல்கள் ஐந்தும் இருந்தன. மணிக்கட்டுக்குக் கீழேதான் கை கையாக இல்லை. தட்டையாகி, தோல் ஒரு பக்கம் உரிந்து சுருண்டு, வெள்ளையாக ஏதோ வெளியே தெரிந்தது. ரத்தம் சற்றுத் தாமதித்துத்தான் வந்தது. வந்தபோது நிற்காமல் வந்தது.

ஒனோரின் சீப்போடு எழுந்து ஓடினாள். படகில் இருந்தவர்களை அந்தப் பக்கம் பார்க்காமல் இந்தப் பக்கமாக இறங்கச் சொன்னார்கள். அவர்களும் இறங்கினார்கள். வந்தவர்கள் இறங்காமல் என்ன செய்வார்கள்.

அவனைப் பந்தலுக்குத் தூக்கி வந்து பாயில் கிடத்தினார்கள். மருந்தகத்து நர்ஸ் ரொசாலி தன் பழைய வேனை மணலிலேயே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். நல்ல தடித்த பெண், குரலும் அப்படித்தான். கையைக் கழுவி, துணி சுற்றி, ஊசி போட்டுவிட்டு, சுட்டுவிரல் நகத்தை அழுத்தி விட்டாள். நகம் வெளுத்தது. சிவப்பு திரும்பி வரவில்லை. இன்னொரு விரலை அழுத்தினாள். அதிலும் வரவில்லை. ஒனோரினைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள்.

"எலும்பு நொறுங்கியிருக்கு. அது போகட்டும், எலும்பு கூடும். ரத்தம் போற குழாய் நசுங்கிப்போச்சு. அதைத் தைக்க டாக்டர் வேணும். பொழுது சாயறதுக்குள்ள தைச்சாத்தான் கை. இல்லேன்னா எடுக்க வேண்டியதுதான்."

"எதை எடுக்க?"

"கையைத்தான், ஒனோரின்."

ஒனோரின் கையிலிருந்த சீப்பைப் பார்த்தாள். அதில் அந்தச் சிறுமியின் மஞ்சள் முடி இரண்டு ஒட்டியிருந்தது. புருஷனின் வலது கை அது. கிழங்குக் குழி தோண்டுவது, மீன் அறுப்பது, கயிறு பிடிப்பது, பிள்ளைகளைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது எல்லாம் அந்தக் கைதான். இடது கையால் அவனுக்கு ஒரு ஸ்பூன்கூடப் பிடிக்க வராது.

ரொசாலி தலைநகரமான நூமேயாவின் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நோயாளிகளை ஏற்றிப் போகும் சிறிய விமானம் காலியாகத்தான் இருக்கிறது, கிளப்பிவிடுகிறோம் என்றார்கள். ஒனோரினுக்கு மூச்சு வந்தது.

இதற்குள் மெல்கியோருக்கு ஆள் போயிருந்தது. இசிதோரின் தாய்மாமன். கிழங்குத் தோட்டத்திலிருந்து அப்படியே வந்தார். காலில் செம்மண், இடுப்பில் கத்தி. இந்தத் தீவில் ஒருவன் உடம்பில் ஓடுகிற ரத்தம் அவன் தாய்வீட்டுச் சொத்து. அது சிந்தினால் அவன் அப்பனிடம் போய் யாரும் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள், தாய்மாமனிடம்தான் வந்து நிற்க வேண்டும். மெல்கியோர் பாயருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிவந்து நனைந்த துணிக்கட்டைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, உன்னைக் கயிறைப் பிடிக்கச் சொன்னா கப்பலையே பிடிச்சு நிறுத்தப் பாத்தியாக்கும்."

"அது நிக்கல மாமா," என்றான் இசிதோர். உதடு வெளுத்திருந்தது.

அப்போதுதான் பெர்த்ரான் வந்தான். கப்பலில் கரைப்பயணங்களுக்குப் பொறுப்பான அதிகாரி, பிரெஞ்சுக்காரன். இரண்டு வருஷமாக வந்து போகிறவன். ஒவ்வொருவர் பெயரும் தெரியும், யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றும் தெரியும். பந்தலில் உட்கார்ந்து காப்பி குடிப்பான். நல்ல பையன் என்றுதான் ஊரில் பெயர். தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கையிலும் காணிக்கை ஏந்தி வந்தான். மடித்த பூப்போட்ட துணி, அதன்மேல் ஒரு புகையிலைப் பொட்டலம், ஒரு பண நோட்டு.

அவன் தீவு வழக்கப்படி துணி வைத்து வாக்குக் கொடுக்கிற முறை செய்ய வந்திருக்கிறான் என்று தெரிந்ததும் பந்தலில் பேச்சு நின்றது. பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். பெர்த்ரான் மெல்கியோருக்கு எதிரே தலை குனிந்து நின்றான். எந்த இடத்தில் குனிய வேண்டும், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

"மெல்கியோர், தலை குனிஞ்சு வந்திருக்கேன். எங்க கயிறு உங்க ரத்தத்தைச் சிந்த வச்சிருச்சு. என்கிட்ட சொல்றதுக்கு வார்த்தை இல்ல. இது சின்னத் துணிதான், இதுக்குப் பின்னால எங்க மனசு இருக்கு. இசிதோரை நாங்க பாத்துக்கிறோம். கப்பல்ல டாக்டர் இருக்கார், ஆபரேஷன் பண்ற இடம் இருக்கு. நான் போய்ச் சொல்லி, படகு அனுப்பிக் கூட்டிக்கிறேன்."

மெல்கியோர் துணியையும் அவன் குனிந்த தலையையும் பார்த்தார். பிறகு கத்தியை இடுப்பிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, துணியின்மேல் கையை வைத்தார்.

"உன் வாக்கு எங்க வீட்டுக்குள்ள வந்திருச்சு. நாங்க எடுத்துக்கிட்டோம். இனி உன்மேல எங்களுக்குக் கோபம் இல்ல. இவன் எங்க பிள்ளை, இப்ப உங்க பிள்ளையும்கூட. கூட்டிட்டுப் போ."

கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் அழுதார்கள். பெர்த்ரானின் கண்ணும் நனைந்திருந்தது. அது பொய் என்று சொல்ல முடியாது. அவன் இசிதோரின் நெற்றியைத் தொட்டுவிட்டு, வேகமாகப் படகுக்குப் போனான்.

அவன் படகு பாதி தூரம் போவதற்குள் ரொசாலியின் போன் அடித்தது. விமானத்துக்காரர்கள். மாரேத் தீவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, குழந்தை குறுக்கே கிடக்கிறது. இருப்பது ஒரே விமானம். உங்கள் ஆளுக்கு வேறு வழி இருக்கிறதா, உடனே சொல்லுங்கள் என்றார்கள். ரொசாலி போனைக் கையால் மூடிக்கொண்டு மெல்கியோரிடம் வந்தாள்.

"மாமா, என்ன சொல்லட்டும்?"

"மாரேக்குப் போகட்டும். அங்க ரெண்டு உயிர். இங்கதான் கப்பல் கூட்டிட்டுப் போகுதே."

"கப்பல் கூட்டிட்டுப் போறது இன்னும் வாயளவுலதான் இருக்கு. படகு வர்ற வரைக்கும் பிளேனைப் பிடிச்சு வைப்போம். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா ஆயிடப்போகுது."

மெல்கியோர் நிமிர்ந்து பார்த்தார்.

"முறை வாங்கியாச்சு, ரொசாலி. வாங்கின கையாலேயே இன்னொருத்தனைக் கூப்பிட்டா என்ன அர்த்தம்? உன் வாக்கை நம்பலேன்னு அர்த்தம். அந்தத் துணியைத் திருப்பி அவன் மூஞ்சியில எறியறது மாதிரி. எறிஞ்சப்புறம் அவன் எதுக்குக் கூட்டிட்டுப் போகணும்?"

ரொசாலி ஒனோரினைப் பார்த்தாள். நீயாவது சொல்லேன் என்கிற பார்வை. ஒனோரினுக்கு வாய் உண்டு. ஊரில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. ஆனால் ரத்த விஷயத்தில் தாய்மாமன் பேசிய பிறகு பெண்டாட்டி பேசுவதில்லை. அதையும் மீறிப் பேசியிருப்பாள். அவளும் அந்தத் துணியைப் பார்த்தாளே. முறை செய்துவிட்டு வாக்குத் தவறிய மனிதனை அவள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. சண்டை போட்ட குடும்பங்கள், வெட்டிக்கொண்ட அண்ணன் தம்பிகள், பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனவன்கூட, ஒரு துணியை வைத்துக் குனிந்துவிட்டால் அதற்குப் பிறகு சொன்னதைச் செய்வான்.

"மாமா சொன்னா சரிதான்," என்றான் இசிதோர் பாயிலிருந்து.

ஒனோரின் தலையசைத்தாள். விமானம் மாரேக்குப் போனது.

அவள் வீட்டுக்கு ஓடி ஒரு பை கட்டினாள். சட்டை இரண்டு, துண்டு, அடையாள அட்டை, ஜெபமாலை, பல்துலக்கும் பிரஷ். திரும்பி வந்தபோது இசிதோருக்கு ஊசி மருந்தின் தெம்பு வந்திருந்தது.

"ஏசி ரூம் தருவாங்களாம். கட்டில்ல படுத்துக்கிட்டே கடலைப் பாக்கலாமாம். நீ வராதே, உனக்கு டிக்கெட் இல்ல."

"வர்றேனா இல்லையா பாரு. அங்க சட்டை போடாத பொம்பளைங்களை நீ பாத்துக்கிட்டுக் கிடக்க, நான் இங்க பிள்ளைங்க மூக்கைத் துடைக்கணுமா?"

ஒரு படகு வந்தது. பையை எடுத்துக்கொண்டு போனாள். அதில் பயணிகள்தான் இருந்தார்கள். கயிறு பிடிக்க ஆளில்லாததால் கப்பல் பணியாள் ஒருவனே குதித்து இறங்கி மாட்டினான். அவனிடம் கேட்டாள். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. குற்றியைச் சுற்றி ரத்தம் இருந்த இடத்தில் யாரோ ஒரு வாளி கடல் தண்ணீரை ஊற்றிக் கழுவியிருந்தார்கள். அடுத்த படகுக்கும் போனாள். அதற்கடுத்ததற்கும் போனாள். துறையில் குடைக்கீழே நின்ற கப்பல் பெண் ஒருத்தி தன் வாக்கி-டாக்கியில் பேசிவிட்டு, சிரித்த முகமாக, கேட்டிருக்கிறேன், தெரிவிப்பார்கள் என்றாள். ஒவ்வொரு தடவையும் அதே சிரிப்பு, அதே பதில். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று வேறு கேட்டாள்.

பாதிச் சடையோடு அந்தச் சிறுமி பந்தலுக்குத் திரும்பி வந்தாள். கூட அம்மா. மிச்சத்தைப் பின்னித் தர முடியுமா, இப்படியே விட்டால் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள் அம்மா தயங்கித் தயங்கி. ஒனோரின் வாளித் தண்ணீரில் கையை அலசினாள். நகக்கண்ணில் புருஷனின் ரத்தம் காய்ந்திருந்தது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. உட்கார்ந்து பின்னினாள். சும்மா இருப்பதற்கு இது தேவலை என்று தோன்றியது.

"அவருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அந்த அம்மா. சுற்றுலாக்காரர்களோடு பேசிப் பேசி ஒனோரினுக்கு இங்கிலீஷ் ஓரளவு வரும்.

"உங்க கப்பல் டாக்டர் பாக்கப்போறார். படகு வரும்."

"அப்படியா, நல்லதாப் போச்சு. ரொம்ப நல்ல டாக்டர். எங்க வீட்டுக்காரருக்குக் காது அடைச்சுக்கிட்டப்ப எவ்வளவு பொறுமையாப் பாத்தார் தெரியுமா."

ஒனோரினுக்கு அதைக் கேட்க ஆறுதலாக இருந்தது. கடைசிச் சடைக்கு முடிச்சுப் போட்டு, நீல மணி ஒன்று கோத்துவிட்டாள்.

வெயில் பந்தலின் மறுபக்கத்துக்கு மாறியது. ரொசாலி அடிக்கடி கட்டைப் பிரித்து விரல்களைப் பார்த்தாள். வெள்ளையாக இருந்த விரல்கள் நீலம் பாரித்திருந்தன. பிறகு பார்த்தபோது அடுப்புச் சாம்பல் நிறம். இசிதோர் கிண்டல் பேசுவதை நிறுத்திவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். மெல்கியோர் அதே இடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தத் துணி. சாப்பிடக் கூப்பிட்டார்கள், வேண்டாம் என்றார். கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பெரிய கப்பல். அங்க டாக்டருக்கும் ஆயிரம் வேலை இருக்கும். வருவான்," என்றார், யாரும் கேட்காதபோதே.

இசிதோர் திடீரென்று முகம் தெளிந்து ஒனோரினைப் பார்த்தான்.

"வலி நின்னுருச்சு புள்ள. சுத்தமா இல்ல. நல்லாயிருக்கு."

ஒனோரின் சிரித்தபடி ரொசாலியின் பக்கம் திரும்பினாள். ரொசாலி சிரிக்கவில்லை. குனிந்து, ஒரு ஊசியை எடுத்து அவன் கட்டைவிரலில் குத்தினாள். ஆழமாகவே குத்தினாள். இசிதோர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, குத்தப்போறியா என்று கேட்டான்.

ரொசாலி எழுந்து வேனுக்குப் பின்னால் போனாள். ஒனோரினும் போனாள்.

"பிளேனைக் கூப்பிடு," என்றாள். "மாமா என்ன வேணா சொல்லட்டும். பழியை என் தலையில போடட்டும். கூப்பிடு."

"கூப்பிட்டுட்டேன். நீ ரெண்டாவது படகுக்கு ஓடினப்பவே ஒரு தடவை கூப்பிட்டேன், இப்ப ஒரு தடவை. அந்தப் பொம்பளையை ஏத்திக்கிட்டு நூமேயா போய்ச் சேந்துருச்சாம். இங்க வர்றதுக்குள்ள இருட்டிருமாம், திரும்பக் கிளம்ப விடியணுமாம்."

"விடிஞ்சா?"

ரொசாலி அவ்வளவு பெரிய உடம்பை வேனில் சாய்த்துக்கொண்டு, கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். ஒனோரின் கடல் பக்கம் திரும்பினாள். இனிக் கப்பல்தான். கப்பலை விட்டால் ஒன்றுமில்லை. எதிரே, குடாவின் நடுவில், அது அடுக்கு அடுக்கான ஜன்னல்களோடு நின்றது. சின்னதாக ஒரு பாட்டுச் சத்தம்கூட அங்கிருந்து காற்றில் வந்தது.

திரும்பிப் போகிற கூட்டம் துறையில் சேர்ந்தது. ஈரத் துண்டும், கிளிஞ்சல் மாலையும், எரிந்து சிவந்த தோளுமாக வரிசை நின்றது. குடையை மடக்கினார்கள். சிரித்த முகப் பெண் போன படகிலேயே போய்விட்டிருந்தாள். கடைசிப் படகு வந்து நின்றது. அதிலிருந்து குதித்தவன் ரொமெல். பிலிப்பைன்ஸ்காரன், குள்ளமாக, எப்போதும் இசிதோரோடு சிகரெட் பங்கு போட்டுக் குடிப்பவன். ஒனோரின் பையோடு அவன் எதிரே போய் நின்றாள்.

"எங்கே பெர்த்ரான்? ஆளைத் தூக்கிட்டு வரட்டுமா?"

ரொமெல் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"இன்னும் இங்கதான் இருக்கானா? பிளேன்ல போயிருப்பான்னுல்ல நினைச்சோம்."

"கப்பலுக்குக் கூட்டிட்டுப் போறதாச் சொன்னாங்களே."

"அது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே முடியாதுன்னுட்டாங்க, அக்கா. பயணியும் இல்ல, கப்பல் ஆளும் இல்ல. ஏத்தினா கம்பெனிக்கு வம்புன்னு மேலேருந்து உத்தரவு. டாக்டர் கேட்டுப் பாத்தார். நான் அங்கதான் நின்னேன். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

மெல்கியோர் பின்னாலேயே வந்திருந்தார். ஒனோரின் தங்கள் மொழியில் மாற்றிச் சொல்லச் சொல்ல, கேட்டார். ஏதோ மொழிபெயர்ப்பில் பிசகு என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்டார்.

"பெர்த்ரானுக்குத் தெரியுமான்னு கேளு."

தெரியும் என்றான் ரொமெல். அவனிடம்தான் முதலில் சொன்னார்கள். கரையில் யாரோடும் இதைப் பற்றிப் பேசக் கூடாது, எதுவானாலும் கம்பெனி எழுத்தில் அனுப்பும் என்று அவனுக்கு உத்தரவு. அவன் அதற்குப் பிறகு கப்பலை விட்டு இறங்கவில்லை.

"அவன் முறை செஞ்சான்," என்றார் மெல்கியோர். "துணி வச்சான். குனிஞ்சான். நான் வாங்கினேன்."

ஒனோரின் அதைச் சொன்னாள். ரொமெல் அவர் கையிலிருந்த துணியைப் பார்த்தான். அவனுக்கு அதில் ஒளிக்க எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

"அது கப்பல் ஸ்டோர்ல ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கு. இந்தப் பக்கம் இறங்குற ஒவ்வொரு தீவுக்கும் ஒண்ணு எடுத்துட்டு வருவாங்க. எப்படிக் கொடுக்கணும்னு பயிற்சிகூட உண்டு."

ஒனோரின் இதை மெல்கியோருக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லிவிட்டாள். அவளுக்கே அப்போது யோசிக்கிற நிலை இல்லை. மெல்கியோர் தலையைத் தூக்கிக் கப்பலைப் பார்த்தார். கையிலிருந்த துணியை விரித்துப் பார்த்தார், திரும்ப மடித்தார். பேச்சுக்குப் பேர்போன மனிதர். ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் முறை வாங்குவது அவர்தான்.

"தூக்குங்க," என்றாள் ஒனோரின். "ஆளைத் தூக்குங்க. படகுல ஏத்திருவோம். அங்க கொண்டுபோய்ப் போட்டா, தூக்கிக் கடல்லயா போடுவாங்க?"

நாலு பேர் பாயோடு அவனைத் தூக்கி வந்தார்கள். இசிதோர் கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து மரியாதையாகப் புன்னகை செய்தான். வரிசையில் நின்றவர்கள் வழி விட்டார்கள். ரொமெல் படகின் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"முடியாது அக்கா. கப்பல் அட்டை இல்லாம ஒருத்தரை ஏத்தினா இன்னிக்கே என்னை இறக்கிவிட்டுருவாங்க. எனக்கு மூணு பிள்ளைங்க. என்னைப் பாருங்க, அக்கா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"டேய், இவன் சிகரெட்டைத்தானடா குடிச்ச."

"தெரியும்."

"கையை எடுத்துருவாங்கடா."

ரொமெல் தரையைப் பார்த்தான். விரித்த கைகளை மட்டும் மடக்கவில்லை. பாயைப் பிடித்திருந்தவர்களுக்குப் பாரம் தாங்காமல் மெல்லச் சிமெண்டில் இறக்கினார்கள். பயணிகள் ஒவ்வொருவராகப் பாயைச் சுற்றி நடந்து படகில் ஏறினார்கள். ஒருவர் குனிந்து, சீக்கிரம் குணமாகட்டும் என்று இசிதோரிடம் சொல்லிவிட்டுப் போனார். ஓட்டுகிறவன் இடத்திலிருந்து விசில் கேட்டது. ரொமெல் குற்றியிலிருந்து கயிற்றை எடுத்தான், படகில் குதித்தான், முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

"என்ன புள்ள, நான் போகலையா?" என்று கேட்டான் இசிதோர்.

ஒனோரின் துறையின் நுனிக்கு ஓடினாள். நிறுத்துங்க, நிறுத்துங்க என்று பிரெஞ்சில் கத்தினாள், இங்கிலீஷில் கத்தினாள், கடைசியில் தன் மொழியிலேயே கத்தினாள். ரொசாலி கத்தினாள். பந்தலில் இருந்த பெண்கள் எல்லோரும் எழுந்து ஓடி வந்து, கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார்கள். ஓடியே பழக்கமில்லாத மெல்கியோர்கூட ஓடி வந்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார்.

படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கரை முழுக்க ஊரே நின்று கையாட்டுவதைக் கண்டதும் அவர்களுக்குச் சந்தோஷம் பொறுக்கவில்லை. எழுந்து நின்று அவர்களும் கையாட்டினார்கள். போன்களைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். காலையில் கப்பலில் யாரோ அவர்களுக்கு இந்தத் தீவின் பாஷையில் நன்றி சொல்லக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் தொடங்க, படகே சேர்ந்து கத்தியது.

"ஒலெத்தி! ஒலெத்தி!"

ஓட்டுகிறவன் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். மெல்கியோர் தூக்கிய கையை இறக்காமல் தண்ணீரில் நின்றார். படகிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவர்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருப்பார்.